நாளைக்குப் பாக்கலாம்

அந்த வார்டின் நெளிவுசுளிவெல்லாம், மூன்றாம் ஆண்டு பயிற்சி மருத்துவன் அய்மானுக்கு அத்துப்படி. காலை ரவுண்ட்ஸில் பேராசிரியர் ஒரு கட்டிலருகே நின்றால், செய்வதற்கு இன்னும் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். கைவிட்ட நோயாளியிடம் நிற்கமாட்டார். சிரித்தபடி, “நாளைக்குப் பாக்கலாம்” என்று நகர்ந்துவிடுவார்.

புதிதாகச் சேர்ந்த பூவிழிக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே அய்மான்தான்.

“அந்த நோயாளிங்க கண்ண மட்டும் பாத்துடாதம்மா. பாத்தா நம்மால சிரிக்க முடியாது.”

இன்று முதல் கட்டிலில் வீராம்பட்டினத்து மீனவர். பேராசிரியர் நின்று நிதானமாக வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

இரண்டாவது கட்டிலிலும் நின்றார். “ஏம்மா பூவிழி, இவருக்கு ஏன் சோடியம் கொறையுது?”

பூவிழி திருதிருவென விழித்தாள். எடுத்துக்கொடுக்க அய்மானுக்கு நாக்கு துடித்தது. ஆனால் அவன் மனமெல்லாம் அடுத்த கட்டிலில்தான். அந்தக் கட்டில் நோயாளிக்கு நேற்றுதான் ஸ்கேன் எடுத்திருந்தார்கள். முடிவு இன்னும் அவன் காதுக்கு வரவில்லை.

‘யா அல்லாஹ், இங்கயும் நிக்கணும். திட்டுனாலும் பரவால்ல, நிக்கணும்.’

பேராசிரியர் மூன்றாவது கட்டிலருகே வந்தார். சிரித்தார்.

“நாளைக்குப் பாக்கலாம், அய்மான்.”

எல்லோரும் நகர்ந்தார்கள். பூவிழி மட்டும் பின்தங்கி, கட்டிலில் கிடந்த அவன் காலிலிருந்து விலகியிருந்த போர்வையை இழுத்துவிட்டாள்.

அவன் கண்ணை அவள் பார்க்கவில்லை.