ஆளுக்கு ஒரு காது

கடல் முழுவதையும் மடித்துப் போனுக்குள் வைத்துக்கொண்டிருந்தார் படத்தின் ஒலிக்கலவையாளர்.

தியேட்டருக்கான ஒலி மிக்ஸிங் முடிந்துவிட்டது. அங்கே அலை முதுகுக்குப் பின்னாலிருந்து எழும்பி வரும். டிவிக்கானதும் ஆயிற்று. ஃபேன் சத்தத்தைத் தாண்டி வசனம் கேட்கும்.

போன் மட்டும் பாக்கி.

கடைசிக் காட்சி. மகள் ஊரை விட்டுப் படகில் போகிறாள். கரையில் அம்மா. திரை இருள்கிறது. இருட்டின் வலது ஓரத்தில், மூச்சைப் போல அம்மாவின் குரல்.

"போயிட்டு வா."

அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம், இரண்டு காதிலும் கேட்கும் என்றார் அவர்.

இயக்குநர் எழிலரசி ஒத்துக்கொள்ளவில்லை.

"கரை வலது பக்கம்தானே இருக்கு, அண்ணே. அம்மா என்ன தண்ணிக்குள்ளயா நிப்பாங்க?"

அவருக்கு மனைவி சுகந்தியின் நினைவு வந்தது. வேலைக்குப் போகும் ரயிலில் அவளும் தோழி ரெஜினாவும் ஒரே இயர்போனில்தான் படம் பார்ப்பார்கள். ஆளுக்கு ஒரு காது. அவருடைய போன படத்தில் நாயகன் இடது பக்கம் கேள்வி கேட்பான். நாயகி வலது பக்கம் பதில் சொல்வாள்.

"அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் வாயே தொறக்கலியே, ஏங்க?" என்றாள் சுகந்தி, அதைப் பார்த்த அன்று வீட்டுக்கு வந்ததும்.

இந்தப் படத்திலும் அப்படித்தான் ஆகும். ஒரு காதுக்கு அம்மா வழியனுப்பிவிடுவாள். இன்னொரு காதுக்கு, பேசாமலே நின்றுவிடுவாள்.

இயர்போனின் வலதைத் தன் காதில் செருகிக்கொண்டார். இடதை எழிலரசியிடம் நீட்டினார்.

இருவரும் கண்ணை மூடினார்கள்.

சன்னல் இல்லாத அறை. நாற்காலிகள் மெல்ல மிதந்தன. காலடியில் ஈரம் ஏறுவது போலிருந்தது.

அவர் காதில் அம்மா சொன்னாள்.

அவள் காதில் தண்ணீர் மட்டும்.

முடிந்த பிறகும் அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"தம்பி படிக்கிறான்னு எங்க வீட்லயும் இப்படி ஒரே இயர்போன்லதான் படம் பாப்பாங்க," என்றாள். "வலது பக்கம் எப்பவும் அப்பா. இடது அம்மாவுக்கு."

அவர் குரலை நடுவுக்கு நகர்த்தி மறுபடி ஓடவிட்டார்.

இப்போது இருவருக்கும் கேட்டது.

"நான் சினிமாவுக்குன்னு கெளம்பின அன்னைக்கு அம்மா வாசல் வரைக்கும்கூட வரல, அண்ணே."

எழிலரசி கண்ணைத் திறந்தாள்.

"இதக் கேட்டா, போயிட்டு வான்னு சொல்லித்தான் அனுப்பினோம்னு அம்மா நெனச்சுக்குவாங்க."

அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்க, அவர் கடலின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் இறக்கினார்.