அடுத்தது எப்ப வரும்?

பிரசவ அறையிலிருந்து வந்த நர்ஸ், குழந்தையைப் பெண்ணின் அம்மா கையில் கொடுத்தாள். "பேரன்!"

மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா, குழந்தையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "அடுத்தது எப்ப வரும்?" என்றாள்.

பெண்ணின் அம்மாவுக்குச் சுருக்கென்றது. "ஒண்ணுதான் சம்பந்தி. இது போதலையா உங்களுக்கு?"

நர்ஸ் மூடிய தட்டோடு மறுபடி வந்தாள். சம்பந்தியம்மா பாய்ந்துபோய் வாங்கி, ஐஸ் நிரம்பிய பெட்டிக்குள் வைத்தாள்.

"ஐயையோ, நஞ்சுக்கொடியா?"

"நான் வேலை பார்க்கிற ஆராய்ச்சி லேபுக்கு. உங்க பொண்ணுதான் தரேன்னா. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி நம்ம முன்னோரைத் தொத்தின வைரஸ் விட்டுப்போன மரபணு, இந்த நஞ்சுக்கொடி உருவாகறதுக்கு உதவுது. அது இல்லைன்னா இவனும் இல்லை. இப்பக் குடுங்க என் தங்கத்தை!"

பேரனை அவள் கையில் திணித்துவிட்டு, பெண்ணின் அம்மா பெட்டிமேல் குனிந்தாள்.

"கொஞ்சம் இருங்க சம்பந்தி! பத்து மாசம் எம் பொண்ணுக்குத் துணை இருந்தவனை நானும் ஒரு தடவை பார்த்துக்கறேன்."