வேகம் பத்தல

"வேகம் பத்தல." அதற்குக் கீழே ஒரே ஒரு நட்சத்திரம்.

நிலவழகனுக்குச் சுருக்கென்றது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். இலுப்பூர் மதுரைவீரன் என்கிற ஒருத்தர் மட்டும் இப்படி எழுதி வைத்திருக்கிறார்.

ரத்தம் கொடுக்கிறவர்களின் பெயரைத் தேடித் தரும் ஆப் அது. புதுக்கோட்டையில் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் நிலவழகன் தனியாளாக உட்கார்ந்து செய்தது. யாரிடமும் காசு வாங்குவதில்லை. பெயர்களெல்லாம் ஒரு கிளவுட் நோ-எஸ்க்யூஎல் டேட்டாபேஸில் இருக்கின்றன. கட்டம் போட்ட பெரிய பட்டியலாக வைக்காமல், ஆளுக்கு ஒரு சீட்டாக வைத்துக்கொள்கிற வகை. பன்னிரண்டாயிரம் சீட்டில் தேடினாலும் கண் இமைக்கிறதுக்குள் பதில் வந்துவிடும்.

அந்த டேட்டாபேஸ் கம்பெனிக்காரர்கள், "உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டிருந்தார்கள். தேர்வானால் பெங்களூரில் மேடையேறிப் பேசலாம். அவனும் நான்கு பக்கம் எழுதி அனுப்பிவிட்டான். இன்று காலை அங்கிருந்து சரண்யா என்கிற பெண் போன் செய்தாள்.

"சார், பிரமாதமா எழுதியிருக்கீங்க. ஆனா உங்க ஆப்லயே ஒருத்தர் வேகம் பத்தலன்னு போட்டிருக்காரே. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அதை எடுக்கச் சொல்லுங்க. இல்லேன்னா மேல ஒத்துக்க மாட்டாங்க."

பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

இலுப்பூரில் மதுரைவீரன் வைத்திருப்பது பஞ்சர் கடை. ஐம்பது வயதிருக்கும். தண்ணீர்த் தொட்டியில் ட்யூபை அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மதுரைவீரன் நீங்கதானே?"

"ஆமா. எது, முன் வீலா பின் வீலா?"

"வண்டிக்கு ஒண்ணுமில்லண்ணே. அந்த ரத்த ஆப் என்னோடது. எம்பேரு நிலவழகன்."

அவர் ட்யூபை விட்டுவிட்டு நிமிர்ந்தார். கையைத் துடைத்துக்கொண்டே ஒரு நிமிடம் பார்த்தார்.

"நீங்கதானா? உக்காருங்க தம்பி." பக்கத்து டீக்கடைப் பக்கம் திரும்பி, "அழகுமலை, இங்கிட்டு ரெண்டு டீ!" என்றார்.

"டீயெல்லாம் வேணாம்ணே. வேகம் பத்தலன்னு எழுதியிருக்கீங்களே, இது அநியாயமில்லையா? இப்பப் பாருங்க." தன் போனில் தட்டினான். ஓ நெகட்டிவ், புதுக்கோட்டை. பெயர்கள் வந்து விழுந்தன. "பத்தொம்பது பேரு. ஒரு நொடியில பத்துல ஒரு பங்குகூட ஆகல."

"வெரசாத்தான் வருது."

"பின்ன என்னண்ணே?"

"எம்மகளுக்குத் தலைப்பிரசவம் தம்பி. போன மாசம் ஏழாந்தேதி, புதுக்கோட்டையில. ரத்தம் நிக்கல. ஆஸ்பத்திரியில இருந்த ரெண்டு பாட்டிலையும் ஏத்திட்டாங்க. இன்னும் ஒண்ணு வேணும்னாங்க. அப்ப காலையில பத்தே கால் மணி. ஒங்க ஆப்ல பேரு ஒடனே வந்துருச்சு. ஆளு வர்றப்ப பன்னெண்டு மணி. விராலிமலையிலேர்ந்து ஆரோக்கியம்மாள்னு ஒரு டீச்சரம்மா பஸ்ல வந்து குடுத்துட்டுப் போனாங்க."

"மக இப்ப எப்படிண்ணே?"

"பொழச்சுக்கிட்டா. பேத்தியும் நல்லாருக்கு."

நிலவழகனுக்கு மூச்சு வந்தது. கூடவே கோபமும் திரும்பி வந்தது.

"அப்ப லேட்டுக்கு ஆளுதானேண்ணே காரணம்? போனை எடுக்காம எவனோ இருந்ததுக்கு டேட்டாபேஸ் என்ன பண்ணும்? ரத்தம் குடுக்குறேன்னு பேரைக் குடுத்துட்டு, உசுருக்குப் போராடுறப்ப எடுக்காதவனை எல்லாம் சும்மா விடக்கூடாது. பேரைப் போட்டே எழுதணும். நாலு பேரு காறித் துப்புனாத்தான் புத்தி வரும்."

"எழுதலாந்தான்."

"எழுதுங்க. மொதல்ல இதை எடுத்துருங்க."

"எனக்கு எழுதத்தான் தெரிஞ்சது, எடுக்கத் தெரியல. நீங்களே எடுத்துருங்க தம்பி." போனை அவன் கையில் கொடுத்தார்.

நிலவழகன் ஆப்பைத் திறந்தான். மதுரைவீரன் யார் யாரை அழைத்தார் என்கிற விவரம் முதலில் வந்தது. ஏழாம் தேதி, பத்து பதினேழிலிருந்து பத்து ஐம்பத்திரண்டு வரை, இருபத்து மூன்று அழைப்பு. ஏழெட்டுப் பேருக்கு ஒன்றிரண்டு முறை. ஒருத்தருக்கு மட்டும் பதினொரு முறை. ஆஸ்பத்திரிக்கு மிக அருகில் இருப்பவர், ஒரு கிலோமீட்டர் தூரம் என்று ஆப் முதலாவதாகக் காட்டிய பெயர் அது.

ஆப் செய்த அன்று, ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க அவன் போட்ட முதல் சீட்டு. அவனுடைய சீட்டு.

அன்றைக்குப் பத்து மணிக்குத்தான் போனை ஊமையாக்கி வைத்துவிட்டு, டேட்டாபேஸ் கம்பெனிக்காரர்களுக்குக் கம்ப்யூட்டர் திரையில் வேகத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். மத்தியானம் எடுத்துப் பார்த்தபோது தெரியாத நம்பரிலிருந்து பதினொரு அழைப்பு. லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்களாக இருக்கும் என்று அழித்துவிட்டான்.

டீ வந்தது. அவன் கை நீட்டவில்லை.

"அண்ணே... நான் பேரைச் சொன்னப்பவே தெரிஞ்சிருச்சா?"

மதுரைவீரன் மறுபடியும் ட்யூபைத் தண்ணீருக்குள் அமுக்கினார்.

"ஊருக்கு நல்லது செய்யிறவரு, ஒங்க பேரைப் போட்டா ஒங்களுக்குத்தானே தம்பி அசிங்கம்? அதான் மிசின் மேல போட்டு விட்டேன். அதுக்கு வலிக்கவா போவுது?"