ஆறாம் நம்பர் ஃப்யூஸ்

“நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க பெரியவரே. லைட்டை அணைக்காம தூங்கிப்போறது இவ. காலையில பேட்டரி செத்துக் கிடந்தா திட்டு வாங்குறது நான்” என்றான் டாரில்.

“ஆமா, உன் டிவி மட்டும் காத்துல ஓடுது பாரு” என்றபடி லோர்னா காபியை நீட்டினாள்.

எல்வுட் சிரிக்கவில்லை. எழுபத்தைந்து வயது. குளிர்காலம் முழுக்க அரிசோனா பாலைவனத்தில் முகாம் முகாமாகப் போய், அங்கே தங்கியிருப்பவர்களின் டிரெய்லர் வீடுகளில் பேட்டரி ஏன் சாகிறது என்று பார்த்துக் கொடுப்பதுதான் அவர் வேலை. கூலி வாங்குவதில்லை. ‘அந்தக் கிழவருக்கு ஏதோ வேண்டுதல்’ என்று முகாமில் பேசிக்கொள்வார்கள்.

உள்ளே போய் ஃப்யூஸ் பெட்டியின் மூடியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஆறாவது இடம் காலியாக இருந்தது.

“இது எங்கே?”

“கேஸ் அலாரத்தோடதுதானே? மேசை டிராயர்ல இருக்கு. சனியன், பன்னிக்கறி பொரிச்சாலே கத்துது. ராவும் பகலும் கரண்டையும் குடிக்குதாம். அதான் புடுங்கிட்டேன்” என்றான் டாரில்.

“எத்தனை ராத்திரி ஆச்சு?”

“ஒன்பது இருக்கும்.”

“ஹீட்டர் போட்டுத் தூங்குனீங்களா?”

“பின்னே? குளிர்ல விறைச்சுப் போறதா?”

எல்வுட் டிராயரைத் திறந்து ஃப்யூஸைத் தேடி எடுத்தார். அதை அதன் இடத்தில் பொருத்தினார். கட்டிலடியில் அலாரப் பெட்டியின் பச்சை விளக்கு எரியும்வரை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“யாரு சொன்னது உங்களுக்கு?”

லோர்னா குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள். “போன முகாம்ல ஒருத்தர் குடுத்தார். ‘பேட்டரியைக் காப்பாற்ற எளிய வழி: ஆறாம் நம்பரைப் பிடுங்கு.’ எழுத்தைப் பாருங்க, முத்து முத்தா. படிச்ச மனுஷனாத்தான் இருக்கணும்.”

எல்வுட் தாளைப் பார்க்கவில்லை. வெளியே போய், பேட்டரியின் கறுப்பு வயரைக் கழற்றி நடுவில் கரண்டை அளக்கும் மீட்டரை மாட்டினார். டிரெய்லரில் இருந்த எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். அணைத்தார்கள். மீட்டர் முள் படுக்கவில்லை.

“எல்லாம் அணைச்சும் ஏதோ ஒண்ணு குடிக்குது. ஒவ்வொரு ஃப்யூஸா எடுத்துட்டுத் திரும்ப வை. முள் எப்போ விழுதுன்னு நான் பார்க்கிறேன்.”

ஒன்று, இரண்டு என்று டாரில் உள்ளிருந்து குரல் கொடுத்தான். மூன்றில் முள் சட்டென்று விழுந்தது. அது விளக்குகளின் ஃப்யூஸ்.

“பார்த்தீங்களா! நான் சொல்லல, லைட்டுதான்!” என்று டாரில் துள்ளினான்.

எல்வுட் டிரெய்லரின் மறுபக்கம் போய், சாமான் அறையின் சின்னக் கதவைத் திறந்தார். உள்ளே பல்பு எரிந்துகொண்டிருந்தது. தொட்டால் சுட்டது. கதவை மூடினால் அணைக்கவேண்டிய பொத்தான் உடைந்து உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. பூட்டிய கதவுக்குள் அது இரவும் பகலும் எரிந்திருக்கிறது.

“அந்த அறையில உன் தூண்டில் கம்பை அமுக்கித் திணிச்சது யாரு ராசா?” என்றாள் லோர்னா. “பதினஞ்சு நாளா என் வாயைக் கிண்டினியே.”

டாரில் தலையைச் சொறிந்தான். எல்வுட் பொத்தானை மாற்றினார்.

“கேட்டுக்கோங்க. ஊருக்குத் திரும்பி வண்டியைச் சும்மா நிறுத்தி வைக்கும்போது பேட்டரியையே துண்டிக்கிற இந்தப் பெரிய சுவிட்சை அணைங்க. பேட்டரி மாசக்கணக்கா நிக்கும். ஆள் உள்ளே தூங்கும்போது ஆறாம் நம்பரைத் தொடவே கூடாது. அது குடிக்கிறது ஒரு வாய்த் தண்ணிதான்.”

“மறந்துடும் பெரியவரே, ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடுங்களேன்” என்றாள் லோர்னா.

“நான் எழுதித் தர்றதில்லம்மா. காதால கேட்டு மனசுல வச்சுக்கோ.”

அவர் சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. லோர்னா மெல்லக் கேட்டாள், “யாருக்காவது ஏதாச்சும் ஆயிடுச்சா?”

“என் தங்கச்சியும் அவ புருஷனும். இதே மாதிரி டிரெய்லர், இதே ஜனவரிக் குளிர். ஹீட்டரோட விஷப்புகை ராத்திரி முழுக்க உள்ளேயே சுத்தியிருக்கு. அலாரம் கத்தல. ஃப்யூஸ் டிராயர்ல இருந்துச்சு. தாள் சுவத்துல இருந்துச்சு.”

லோர்னாவின் முகம் வெளுத்துப்போனது. உள்ளே ஓடி அந்தத் தாளைக் கிழிக்காத குறையாகப் பிய்த்து எடுத்து வந்தாள்.

“ஒன்பது ராத்திரி நாங்களும்... பாவி. இதை எழுதின கை விளங்காமப் போக. அவனுக்கு நல்ல சாவு வராது.”

“வராதும்மா” என்றார் எல்வுட். “அதை என்கிட்ட குடுத்துடு. எனக்கு அது போதும்.”

தாளை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினார். இருக்கைக்கு அடியிலிருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். அதே தாள்கள் முப்பத்தேழு இருந்தன. இதையும் மடித்து உள்ளே வைத்தார். இன்னும் இருபத்திரண்டு யார் யார் சுவரில் ஒட்டியிருக்கிறதோ.

அறுபது பிரதி எடுத்து, முதல் பிரதியைத் தங்கச்சி கையில் கொடுத்த அன்று, ‘உன் கையெழுத்து மாதிரி உண்டா அண்ணா’ என்று அவள் சொன்னபோது அவருக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது.