பயிற்சி வளையல்

பூவாத்தாளின் வளையல் ஏன் பேசவில்லை என்று தன்னார்வலர் கலாமணிக்குப் புரியவில்லை. கர்ப்பிணியின் ரத்த அழுத்தத்தைப் பார்த்து, என்ன செய்வதென்று சொல்வதும் ஆஸ்பத்திரி வண்டியை அழைப்பதும் அந்த வளையல்தான். இப்போது பூவாத்தாளுக்கு முகம் வீங்கி, கண் இருட்டியது. வளையலில் விளக்கு எரிந்தது, குரல் வரவில்லை.

“கெட்டுப்போகலீங்க்கா,” என்றாள் பூவாத்தாள். “பக்கத்து வீட்டு ருக்மணி சாகறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் அவ வளையலும் பேசலை. பொழைக்காதுன்னு தெரிஞ்சா பேச்சை நிறுத்திக்குமாம். எனக்குத்தான் முன்ன ரெண்டு கொழந்தையும் தவறிடுச்சே.”

“கம்முனு படு, சாமி,” என்றாள் கலாமணி.

வளையல் ரத்த அழுத்தத்தைத் தோலிலிருந்து அறியும்; ஆள் யார், முன்பு என்ன நடந்தது என்பதையெல்லாம் பதிவிலிருந்துதான் அறியும். கலாமணியின் பையில் பயிற்சி வகுப்பில் கொடுத்த வளையல் இருந்தது. அதில் பதிந்திருந்தவள் நிஜத்தில் இல்லாத ஒருத்தி: இருபது வயது, முதல் பிரசவம், ஒரு குறையும் இல்லை. பூவாத்தாளின் வளையலைக் கழற்றிவிட்டு பயிற்சி வளையலை மாட்டினாள்.

“இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்,” என்றது குரல். “வண்டி கிளம்பிவிட்டது.”