பையில் ஏழு பொட்டலங்கள்

கலீம் பிளேடால் நாடாவைக் கிழித்து ஏழாவது பெட்டியைப் பிரித்தான். உள்ளேயிருந்து ஒரு பேண்டேஜ் பொட்டலத்தை உருவித் தன் துணிப்பைக்குள் போட்டான். பெட்டியை மறுபடி ஒட்டி, முன்பு இருந்தது போலவே அடுக்கி வைத்தான்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று சித்தார்த்தன் இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்ரீரங்கத்துக்குப் போய் பீமராவிடம் கையெழுத்து வாங்கி வர ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தான். ஆபரேஷன் கத்தரி செய்யும் பீமராவ் மாம்பழச்சாலையிலேயே எதிரே வந்து நின்றதால், அரை மணியில் தில்லை நகர் ஆபீசுக்குத் திரும்பிவிட்டான்.

மருத்துவப் பொருள் செய்யும் சிறு கம்பெனிகளைக் குழுவாக வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய், அங்குள்ள ஆஸ்பத்திரிகளுக்கு அறிமுகம் செய்துவைப்பது அவன் வேலை. இந்த முறை ஆறு திருச்சி கம்பெனிகள் நைரோபிக்குப் போகின்றன. ஆறு பேருடைய சாம்பிள்களும் ஒரே பட்டியலில், ஒரே சரக்காக, இன்று ஐந்து மணி வேனில் ஏற வேண்டும்.

பட்டியலும் பெட்டியும் ஒரு எண் மாறினாலும் கஸ்டம்ஸில் ஆறு பேர் சரக்கும் நின்றுவிடும். அதனால் போன வாரக் கூட்டத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். வேன் ஏறும் நேரத்தில் யார் பெட்டியில் எண்ணிக்கை தப்புகிறதோ, அவர் பெயரை அங்கேயே அடித்துவிடுவேன் என்று.

கலீம் பிரித்தது காட்டூர் வீரம்மாளின் பெட்டிகளை. பதினோரு பெண்களை வைத்து பேண்டேஜ் கம்பெனி நடத்தும் வீரம்மாள், மூன்று வருடம் விண்ணப்பித்து இந்த வருடம்தான் குழுவில் இடம் பிடித்திருந்தார். கலீம் அவரிடம் பேக்கிங் ஆள். அதற்கு முன் அவன் வேலை பார்த்தது, இதே இடத்துக்குப் போட்டியிட்டுத் தோற்ற இன்னொரு பேண்டேஜ் கம்பெனியில்.

சித்தார்த்தன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். கலீம் பையைக் காலால் மேசைக்கடியில் தள்ளினான்.

"பையில என்ன?"

"சாப்பாட்டு டப்பா சார்."

சித்தார்த்தன் பையை எடுத்து மேசைமேல் கவிழ்த்தான். டப்பாவோடு சேர்ந்து ஏழு பொட்டலங்கள் விழுந்தன.

"டப்பா குட்டி போட்டிருக்கா?"

கலீம் தலையைக் குனிந்துகொண்டான். எதற்கு எடுத்தீங்க, யார் எடுக்கச் சொன்னது, பழைய முதலாளியா என்று மாற்றி மாற்றிக் கேட்டான். கலீம் டப்பாவை மட்டும் எடுத்துப் பைக்குள் வைத்தான்.

பெட்டிக்கு ஒன்று குறைந்தால் போதும், வீரம்மாள் பெயர் விழுந்துவிடும். பட்டியலில் அவருக்கு அடுத்துக் காத்திருப்பது அந்தப் பழைய கம்பெனிதான். எல்லாம் பொருந்தியது, ஆனாலும் எண்ணாமல் முடிவுகட்ட சித்தார்த்தனுக்கு மனம் வரவில்லை.

பிரித்த ஏழு பெட்டிகளையும் தரையில் கொட்டி எண்ணினான். ஏழிலும் பட்டியலில் இருந்தபடி சரியாக ஐம்பது பொட்டலம். நாம்தான் தப்பாக எண்ணிவிட்டோமோ என்று முதல் பெட்டியை இன்னொரு தடவை எண்ணினான். ஐம்பதுதான்.

"நாப்பத்தொம்பது வர்ற வரைக்கும் எண்ணுங்க சார்" என்றான் கலீம், சுவரைப் பார்த்தபடி.

அவன் தொடாத எட்டாவது பெட்டியையும் எண்ணினான். அதில் ஒன்று அதிகமாக இருந்தது.

சந்தேகம் இன்னும் கூடியது. எடுத்தது தெரியாமலிருக்க, பேக்கிங்கின்போதே இவன் ஒன்று கூட வைத்திருப்பானோ. பொட்டலத்துக்குள் வேறு எதையாவது வைத்துக் கடத்துகிறானோ என்றும் தோன்றி, பையிலிருந்து விழுந்ததில் ஒன்றைக் கிழித்துப் பார்த்தான். வெறும் துணிச்சுருள்.

மணி நாலே முக்கால். என்ன நடந்தது என்று தெரியாத பெட்டிகளை மற்ற ஐந்து பேர் சரக்கோடு ஏற்ற முடியாது. பட்டியலை எடுத்து, வீரம்மாள் பெயர் மேல் பேனாவை வைத்தான்.

"அக்கா பேர அடிக்காதீங்க சார்." கலீம் மேசையருகே ஓடி வந்தான். "நான்தான் எடுத்தேன். வேணும்னா என்னைய போலீஸ்ல குடுங்க."

"எதுக்கு எடுத்தீங்கன்னு சொல்லுங்க, அடிக்கல."

கலீம் குனிந்து, தரையில் கிடந்த பொட்டலங்களைப் பொறுக்கத் தொடங்கினான்.

அந்த நேரத்தில் வீரம்மாள் மூச்சிரைக்க உள்ளே வந்தார். லிஃப்ட் ஓடவில்லை. இந்த மூணு மாடியை ஏறுவதற்கு நைரோபிக்கே நடந்துவிடலாம் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், தரையில் கிடந்த பெட்டிகளையும் மேசைமேல் இருந்த பொட்டலங்களையும் பார்த்து நின்றார். சித்தார்த்தனை விட்டுவிட்டு நேராகக் கலீமிடம் போனார்.

"ஏன்டா, காலைலேருந்து வேணாம் வேணாம்னு நின்ன. கடைசில நெனச்சத முடிச்சிட்டியா?"

"அக்கா, நீங்க கொஞ்சம் பேசாம இருங்க."

சித்தார்த்தன் பேனாவை எடுக்காமலே கேட்டான். "அப்ப பெட்டிக்கு ஒண்ணு கூட வச்சது யாரு?"

"நான்தான் வச்சேன்." இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பது போல வீரம்மாள் அவனைப் பார்த்தார்.

"மொதமொதல்ல கடல் தாண்டிப் போகுது தம்பி, அம்பதுன்னு மொட்டையாவா அனுப்புறது?"