ஐம்பதாவது குலுக்கல்

நடுப்பகல் புழுக்கத்திலும் மின்விசிறியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஓடினால் சீட்டுகள் பறந்துவிடும். ஐஸ் வண்டி எட்டு ஊர்களைச் சுற்றிவரக் குறுகிய வழி தேடும் கணக்குமுறைதான் அமிர்தலிங்கத்தின் ஆறு வருட ஆராய்ச்சி. அதைச் சோதிக்க, மனைவி மலர்க்கொடி சொம்புக்குள் பார்க்காமல் ஊர்ச்சீட்டுகளை எடுத்துப் போடுகிறாள். பூவம், சுரக்குடி, குரும்பகரம் என்று வரிசை நீள, அவன் தூரத்தைக் கூட்டுகிறான். கணக்குமுறை காட்டும் வழியைவிடக் குறுகியதாகி, குருட்டாம்போக்கில் வந்த வழி மறுபடியும் ஜெயித்துவிடுகிறது. "என் கைராசிக்கு டாக்டர் பட்டத்த எனக்கே குடுக்கலாங்க," என்கிறாள். அவன் சிரிக்கவில்லை. ஐம்பது குலுக்கலில் நாற்பதையாவது கணக்குமுறை வெல்லாவிட்டால் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி இடம் போய்விடும். இதுவரை அது வென்றது முப்பத்தொன்பது. "கடைசி. எடு." அவள் குலுக்க, சொம்பில் பட்ட வெயில் சுவரில் நடுங்குகிறது. கைக்கு முன்னால் கண் உள்ளே போகிறது. வழி நீளட்டும் என்று, ஒன்றுக்கொன்று தூரமான ஊர்களாக அடுத்தடுத்துப் பொறுக்குகிறாள். பார்க்காதே என்று சொல்ல வேண்டியவன், குனிந்து பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கிறான்.